கஸ்பாருக்கு ஒரு கல்

12 செப்டம்பர் 2022, திங்கள்

முதலில் ஒரு திருத்தம். என் கணவருக்குக் கல்லறைக் கல் வைக்க நான் மறுத்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் மறுத்தது கல்லை அல்ல, கல்தச்சர் சுடலைமுத்துவின் ஆல்பத்தை.

அதில் இருபத்தேழு மாதிரிகள் இருக்கின்றன. கூப்பிய கைகள், திறந்த புத்தகம், ரோஜா, சிறகு விரித்து அழும் சம்மனசு, புறா. சம்மனசுக்கு இடது கை வலது கையைவிடக் குட்டை. புறாவைப் பற்றி என்ன சொல்ல! கஸ்பார் முப்பத்தொரு வருடம் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். லைன் இன்ஸ்பெக்டர். டிரான்ஸ்பார்மரில் கூடு கட்டும் புறாக்களோடு சண்டை போட்டே ஓய்வு பெற்றவர். அவர் நெஞ்சின்மேல் ஒரு புறாவை உட்கார வைத்தால் எழுந்து வந்துவிடுவார்.

"அப்போ ரோசாப்பூ போடுவமா அம்மா?" என்றார் சுடலைமுத்து.

"பூ வாசனை பட்டா அவருக்குத் தும்மல் வரும்."

"புத்தகம்?"

"பேப்பரைத் தவிர அவர் எதையும் படிச்சதில்ல."

"அம்மா, இந்த ஊருல எல்லாருக்கும் இதைத்தான் வச்சிருக்கேன். ஒருத்தரும் குறை சொன்னதில்ல."

"குறை சொல்ல வேண்டியவங்க எல்லாம் உள்ள இருக்காங்களேப்பா."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆல்பத்தை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன். நடந்தது இவ்வளவுதான். இதைக் "கல் வைக்கக்கூட மைனிக்கு மனசு வரல" என்று மாற்றியவள் தெக்லா, என் கணவரின் தங்கை. நேற்று ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து, கோயில் வாசலில் நின்று, நான்கு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். கஸ்பார் போன டிசம்பரில் இறந்தார். இது அவருக்கு முதல் வருடம். இன்னும் மண்மேடும் மரச்சிலுவையுமாகத்தான் கிடக்கிறார். அதற்குள் கல் வந்துவிடும். ஆனால் அது அவருடைய கல்லாக இருக்கும்.

14 செப்டம்பர், புதன்

ஜெசிந்தா பெங்களூரிலிருந்து பேசினாள். என் மகள் ஒரு டைல் கம்பெனியில் தரைக்கும் சுவருக்கும் டிசைன் போடுகிறாள். ஆல்பத்தைப் பற்றிச் சொன்னேன்.

"மம்மி, ஆல்பத்தைப் பாத்தா ஆல்பம்தான் வரும். புது டைல் வரையணும்னா நான் வேற டைலைப் பாக்கவே மாட்டேன். போன மாசம் முருங்கைக்கீரை ஆய்ஞ்சிட்டிருந்தப்பதான் ஒண்ணு கிடைச்சது. நீங்க தினம் வீட்டுல ஒரு பொருளை எடுத்து வரைங்க. அழகா வரணும்னு இல்ல. உத்துப் பாக்கணும், அவ்வளவுதான்."

"டிராயிங்ல எனக்கு முப்பத்தெட்டு மார்க்."

"என்னது? எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்டுன்னு சொன்னீங்க!"

"நீ கேட்ட பாடத்துக்குச் சொன்னேன்."

கான்வென்டில் எங்களுக்கு டிராயிங் எடுத்தது மதர் கொலம்பா. "யூஜினி, கண்ணால் பார், வாயால் வரையாதே" என்பார். மற்ற எல்லாவற்றுக்கும் வாய்தான் உதவியது.

ஒரு நோட்டு வாங்கினேன். கோடு போடாதது.

15 செப்டம்பர், வியாழன்

டம்ளர் வரைந்தேன். வாளி போல வந்திருக்கிறது.

17 செப்டம்பர், சனி

சுவிட்ச் போர்டை வரைந்தேன். நேர்கோடுகள் என்பதால் எனக்கு வரும் என்று நினைத்தேன். வரையும்போது ஒன்று கண்ணில் பட்டது. போர்டில் உள்ள நான்கு திருகாணிகளின் வெட்டும் செங்குத்தாக நிற்கிறது. நான்கும். அடுத்த அறையில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. சமையலறை, குளியலறை, மாடிப்படி, ஆக மொத்தம் ஒன்பது போர்டு, முப்பத்தாறு திருகாணிகள். ஒன்றுகூடச் சாய்ந்திருக்கவில்லை.

நாற்பத்தாறு வருடம் இந்த மனிதரை "எதிலும் ஒழுங்கில்லை" என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒருமுறையாவது கையைப் பிடித்து இழுத்துப் போய் இதைக் காட்டியிருக்கலாம்.

20 செப்டம்பர், செவ்வாய்

கொசு. ராத்திரி முழுக்க. மாநகராட்சிக்குப் புகார் எழுதினேன். கட்டிலில் நான் இப்போது கதவுப் பக்கம் படுக்கிறேன். முன்பு அது அவருடைய பக்கம். என்னுடையது சுவர் ஓரம். கதவுப் பக்கம் ஃபேன் காற்று நன்றாக வருகிறது, வேறு காரணம் இல்லை. சுவர் ஓரத்தில் படுத்திருந்த காலத்தில் என்னை ஒரு கொசுகூடக் கடித்தது கிடையாது. ஊர் அவ்வளவு கெட்டுவிட்டது.

23 செப்டம்பர், வெள்ளி

கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இந்த வாரத்தில் நான்காவது தடவை. மற்றவர்கள் என்ன கல் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன். எங்கே பார்த்தாலும் ஆல்பம்தான். குட்டைக் கைச் சம்மனசு மட்டும் பதினொரு இடத்தில் அழுதுகொண்டிருக்கிறது.

அவர் இருக்கும் இடம் இரண்டு பேருக்கானது. மாமனார் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிப் போட்டது. இடது பாதியில் அவர் இருக்கிறார். வலது பாதியில் நெருஞ்சி முளைத்திருக்கிறது. பிடுங்கிப் போட்டேன்.

அந்த வலது பாதி இனி என்னுடையது அல்ல. அதையும் சரியாக எழுதிவைக்க வேண்டும். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பரிமாறுகிறவரிடம் இலையில் உப்பு எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று சொன்னேன். உடனே தெக்லா சத்தமாகப் பேசினாள்.

"அண்ணன் உசிரோட இருந்த வரைக்கும் நீங்க திருத்திக்கிட்டேதான் இருந்தீய மைனி. இனியாவது அவுக நிம்மதியாப் படுக்கட்டும்."

"அப்படின்னா அவர் பக்கத்துல நீயே படுத்துக்கோ" என்றேன். "நான் பாளையங்கோட்டைக்கு எங்க அம்மாகிட்ட போறேன்." அம்மாவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

அத்தோடு விடவில்லை. நான் கப்பல் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருடம் ஸ்டெனோவாக இருந்தவள். மறுநாள் காலையில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, என் இடத்தைச் செல்வி தெக்லாவுக்கு விட்டுக் கொடுப்பதாகக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் கொடுத்தேன். அவளுக்கு ஒரு நகல் அனுப்பினேன்.

வார்த்தை கொடுத்தாகிவிட்டது. அது முடிந்த விஷயம்.

24 செப்டம்பர், சனி

முடிந்த விஷயம்தான். எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

27 செப்டம்பர், செவ்வாய்

ஜெசிந்தா கேட்டாள் என்று இதுவரை வரைந்ததையெல்லாம் போனில் படம் பிடித்து அனுப்பினேன். திருகாணிகள். அவர் குடையின் கம்பிகள், அதில் ஒன்று செம்புக் கம்பியால் கட்டியது. மழிக்கும் சோப்பு, நடுவில் பிரஷ் சுழன்று சுழன்று குழியாகிப்போனது. கொடியில் துணி மாட்டும் கிளிப்புகள். அவர் செருப்பு, குதிகால் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்தது.

அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

"மம்மி, செருப்பு ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லாமே டாடியோடது."

"கிளிப் அவரோடதில்ல."

"கிளிப்பு எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு இருக்கே, அப்படி மாட்டி வச்சது யாரு?"

"வீட்டுல அவர் சாமான்தான் அதிகம் கிடக்கு. கையில அகப்பட்டதை வரையுறேன். தற்செயல்."

"சரி மம்மி, தற்செயல்" என்றாள். அவள் இப்படி உடனே ஒப்புக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

கல்லுக்கு இவற்றில் எதுவும் ஆகாது. கல்லறையில் செருப்பு போட முடியாது. திருகாணி போட்டால் சவப்பெட்டியின் மூடி என்று நினைப்பார்கள்.

1 அக்டோபர், சனி

கொசுவுக்கு மாநகராட்சியிலிருந்து பதில் இல்லை.

3 அக்டோபர், திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் கொசுவலையை அவிழ்த்தேன். மழை தொடங்கும் முன் வருடத்துக்கு ஒரு முறை அதைத் துவைப்பது வழக்கம். வலை அவருடைய இலாகா. மாலையில் கட்டுவது, மெத்தைக்கு அடியில் செருகுவது, துவைப்பது, கிழிந்தால் அடைப்பது எல்லாம் அவர்தான். 1989-இல் வாங்கிய இரட்டைக் கட்டில் வலை. "புதுசு வாங்குவோம்" என்று நான் சொல்லும்போதெல்லாம் "நான் இருக்கிற வரைக்கும் இது இருக்கும் யூஜி" என்பார். வெள்ளை வலையில் கையில் கிடைத்த நூலால் தைப்பார். பச்சை, ஊதா, ஒரு தடவை ஜெசிந்தாவின் பள்ளிச் சீருடைச் சிவப்பு. "வெள்ளை வலைக்கு வெள்ளை நூல், இது அவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டால், "கொசுவுக்குக் கலர் தெரியாது" என்பார்.

துவைத்து மொட்டைமாடியில் இரண்டு கொடிக்கு நடுவே விரித்துப் போட்டேன். பத்து மணி வெயில். தண்ணீர் வடிந்ததும் வலையின் நிழல் எதிர்ச்சுவரில் விழுந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர். மெல்லிய சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சதுரம், அதற்குள் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள். அவர் ஒட்டுப்போட்ட இடங்கள். ஒன்று சதுரம், ஒன்று நட்சத்திரம் மாதிரி, ஒன்று தபால்தலை அளவு. காற்றில் எல்லாம் சேர்ந்து மூச்சு விட்டன. உத்தரத்தில் தொங்கிய நாளெல்லாம் நான் பார்த்தது அழுக்கு நூலை. இது அழகாக இருந்தது. அந்தச் சொல்லை நான் எளிதில் பயன்படுத்துவதில்லை.

கீழே ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்தேன். ஓடினேன் என்றால் எழுபத்து நான்கு வயதுக்குத் தகுந்த ஓட்டம்.

வரையும்போதுதான் கவனித்தேன். ஒட்டுகள் எல்லாம் ஒரு பாதியில் மட்டும் இருந்தன. கொடியிலிருந்து வலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். தலைமாட்டுக் கயிற்றில் என்ன அடையாளம் என்று தெரியும். சுவர் ஓரக் கயிறு நீலம். ஒட்டுகள் இருந்த பாதி சுவர் ஓரம். அறுபத்து நான்கு ஒட்டுகள்.

மற்ற பாதியில் ஒட்டே இல்லை. ஓட்டைகள் இருந்தன. இருபத்து மூன்று. இரண்டு முறை எண்ணினேன். சில ஓட்டைகளில் என் சுண்டுவிரல் போகிறது.

2012-இல் அவருக்கு டெங்கு வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எனக்கு வரவில்லை. "நான் சுத்தமா இருக்கேன், அதான்" என்று அவர் கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். "ஆமா யூஜி" என்றார்.

இன்று சமைக்கவில்லை. பசி இல்லை, வெயில் காரணம்.

4 அக்டோபர், செவ்வாய்

வரைந்து முடித்தேன். சார்ட் பேப்பர் நான்கை ஒட்டி, கட்டில் அளவுக்கே. ஒட்டுகள் ஒரு பக்கம், ஓட்டைகள் ஒரு பக்கம், எது எங்கே இருக்கிறதோ அங்கேயே. மதர் கொலம்பா இருந்தால் முப்பத்தெட்டுக்கு மேல் போட்டிருப்பார்.

6 அக்டோபர், வியாழன்

சுடலைமுத்துவின் பட்டறை கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே இருக்கிறது. பேப்பரைத் தரையில் விரித்தேன். நான்கு மூலைக்கும் சில்லுக்கல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்னம்மா இது? ஊரு மேப்பா?"

"கொசுவலை."

"கல்லுலயா?"

"கல்லுலதான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாப்பது வருசமா உளி பிடிக்கேன். மாதா கேட்டிருக்காவ, சேசு கேட்டிருக்காவ. ஒருத்தரு வாழ்ந்த வீட்டையே செதுக்கச் சொன்னாரு. கொசுவலை கேட்டது நீங்கதான்."

நான் விஷயத்தைச் சொன்னேன். சுருக்கமாக. எந்தப் பக்கம் யாருடையது, எதில் ஒட்டு, எதில் ஓட்டை. அவர் குந்தி உட்கார்ந்து ஒட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு தொழில் பேச ஆரம்பித்தார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

"ஒட்டு சரிம்மா. கறுப்புக் கல்லுல பாலிசை எடுத்துட்டா சாம்பலாத் தெரியும். ஓட்டைதான் இடிக்குது. குழியாக் கொத்துனா மழைத்தண்ணி நிக்கும்."

"நின்னா?"

"கொசு முட்டை போடும்."

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு இருவரும் சிரித்தோம். நான் சிரித்து நிறுத்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது. ஓட்டையை ஆழமில்லாமல், தண்ணீர் வழிந்துவிடும்படி மேலாகக் கொத்தித் தருவதாக முடிவாயிற்று.

பிறகுதான் அவர் அதைக் கேட்டார்.

"கல்லு ஒண்ணா, ரெண்டாம்மா?"

"என்ன அர்த்தம்?"

"பக்கத்துல வாறது யாரு? புருசன் பொண்டாட்டின்னா ஒரே அகலக் கல்லு, பேருக்கு ஆளுக்குப் பாதி. அண்ணன் தங்கச்சின்னா தனித்தனிக் கல்லு, நடுவுல ஒரு சாண் இடம் விடணும். அதான் இங்க முறை. பங்கு ஆபீசுல உபதேசியாரு, பக்கத்துல வாறது தங்கச்சின்னு சொன்னாவ. இந்தப் படம் அகலக் கல்லுக்குத்தான் ஆகும். நான் வெட்டிட்டேன்னா பிறகு ஒட்ட முடியாது, பாத்துக்கிடுங்க."

"தனியா வெட்டினா என்ன வரும்?"

அவர் பேப்பரை நடுவில் மடித்துக் காட்டினார். இடது பாதி மட்டும் மேலே இருந்தது. இருபத்து மூன்று ஓட்டைகள். வேறு ஒன்றும் இல்லை.

"அகலக் கல்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்போ உபதேசியாருகிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க. இருபத்திரண்டாம் தேதிக்குள்ள தெரிஞ்சாத்தான் திருநாளுக்கு முடியும்."

8 அக்டோபர், சனி

பங்கு அலுவலகம். உபதேசியார் கல்லறைப் பதிவேட்டைத் திறந்து என் கடிதத்தைக் காட்டினார். ஒழுங்காக மடித்து, பசை வைத்து ஒட்டியிருக்கிறார். என் கையெழுத்து உறுதியாக இருக்கிறது.

"தெக்லாம்மா ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும்மா, மாத்திரலாம். வாய்வார்த்தையில செய்ய முடியாது. நீங்க எழுத்துல குடுத்துட்டீங்க."

"வாய்வார்த்தையில செய்யச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். தேவையில்லாத பேச்சு.

11 அக்டோபர், செவ்வாய்

தெக்லா வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு தள்ளி. பத்து மாதத்தில் முதல் தடவை. அவள் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபத்தொரு வயது. கதவைத் திறந்தவள் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"வாங்க மைனி. ஆருக்கும் மேலுக்குச் சரியில்லையா?"

"எல்லாரும் நல்லாயிருக்காங்க. ஏன், நான் சும்மா வரக் கூடாதா?"

"நீங்க சும்மா வார ஆளா? உக்காருங்க. சீனி அரை ஸ்பூன்தானே, மறக்கல."

டீ நன்றாக இருந்தது. சொல்லவில்லை. சுவரில் காலண்டர் செப்டம்பரிலேயே நின்றது. "மாசம் பிறந்து பதினொரு நாள் ஆச்சு" என்று சொல்லி எழுந்து தாளைக் கிழித்தேன்.

தெக்லா சிரித்துவிட்டாள். "அண்ணன் வியாழக்கிழமை வியாழக்கிழமை இங்க வந்து உக்காந்துக்கிட்டு உங்களைப் பத்தித்தான் பேசுவாவ. 'இன்னைக்கு எம் பொண்டாட்டி சாமியாரு பிரசங்கத்துல மூணு தப்பு கண்டுபிடிச்சிட்டா தெக்லா'ன்னு. என்னமோ லாட்டரி விழுந்த மாதிரி."

இது எனக்குத் தெரியாது. வியாழக்கிழமைகளில் பென்ஷன்காரர்கள் சங்கத்துக்குப் போவதாகத்தான் சொல்வார்.

"மைனி, அன்னைக்கு முப்பதாம் நாளு நான் பேசுனது..." என்று ஆரம்பித்தாள்.

"டீ ஆறுது, குடி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் அதை முடித்திருந்தால் நானும் என்னுடையதைச் சொல்லியிருப்பேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு அவளே வேறு எதையோ பேசுவது போலப் பேசினாள். "சின்னப் பிள்ளையில தெருவெல்லாம் தண்ணி நிக்கும். அண்ணன் என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவாவ. என் பாவாடை நனையக் கூடாதுன்னு. இப்ப தனியாக் கிடக்கேன்லா, ராத்திரி நெஞ்சு படபடன்னு வந்தா அண்ணன் பக்கத்துல ஒரு இடம் இருக்குன்னு நெனச்சுக்கிடுவேன். உடனே தைரியம் வந்துரும். நீங்க கோவத்துலதான் குடுத்தீய. ஆனாலும் குடுத்தீய."

இதற்குப் பிறகு எப்படிக் கேட்பது?

"வந்த விஷயம் என்ன மைனி?"

"கல் வைக்கப் போறேன். திருநாளுக்குள்ள வந்துரும். கோயில் வாசல்ல சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லிரு."

அவள் முகம் சுருங்கியது. வந்துவிட்டேன்.

12 அக்டோபர், புதன்

ஜெசிந்தா: "வாட்ஸப்புல அனுப்பிருங்க மம்மி, நேர்ல பேசினா நீங்க ரெண்டு பேரும் காலண்டரைத்தான் பேசுவீங்க."

இந்த மாதிரி விஷயத்தை அதில் அனுப்பக் கூடாது.

15 அக்டோபர், சனி

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் நியாயம் அதிகம். மனைவிக்குள்ள உரிமை, மாமனார் யாருக்காக வாங்கினார் என்பது, மூன்று காரணங்கள் வரிசை எண்ணோடு. ஏஜென்சியில் சரக்கு தாமதமானால் இப்படித்தான் எழுதுவோம். இரண்டாவதில் அவளுக்கு மாற்று யோசனை சொல்லியிருந்தேன்: மாமியார் கல்லறையில் இடம் இருக்கிறது என்று. அவள் எங்கே படுக்க வேண்டும் என்று நான் யார் சொல்ல? மூன்றாவதில் வலையைப் பற்றி மட்டும் எழுதினேன். அது என்ன கேட்கிறது என்று படிப்பவருக்குப் புரியாது.

சுவர் ஓரத்துக்குத் திரும்பிப் படுக்கலாம். கொசு கடிக்காது. படுக்கவில்லை.

18 அக்டோபர், செவ்வாய்

இன்று காலை எழுதியது. கையால். பிரதி இங்கே:

அன்புள்ள தெக்லா,

ஜனவரியில் நான் பங்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது கோபத்தில் செய்தது. நீ சொன்னது சரி. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மரியாதை அல்ல என்று தெரியும். தெரிந்தே கேட்கிறேன்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். எங்கள் கட்டிலின் கொசுவலை. ஒட்டுப்போட்டது எல்லாம் நான் படுத்த பக்கம். ஓட்டையாக விட்டது எல்லாம் உன் அண்ணன் படுத்த பக்கம். முப்பத்து மூன்று வருடம் நான் இதைப் பார்க்கவில்லை. போன வாரங்களில் கல்லுக்கு ஒரு டிசைன் தேடி வீட்டில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன்; அதனால் பார்க்க நேர்ந்தது. இதைத்தான் அவர் கல்லில் செதுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நான் அவரைத் திருத்திக்கொண்டே இருந்தேன் என்று சொன்னாய். உண்மை. அது அவருக்குப் பிடித்திருந்தது என்பதை நீ டீ கொடுத்த அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதைச் சொன்னதற்கு நன்றி. டீயும் நன்றாக இருந்தது.

எனக்கு அவர் பக்கத்தில் படுக்க வேண்டும். இதற்குமேல் காரணம் எழுதத் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் என் அம்மாவுக்கு நான் தேவைப்பட மாட்டேன்.

அந்த இடம் உனக்கு என்ன தைரியம் கொடுக்கிறது என்று நீ சொன்னதைக் கேட்டேன். அதற்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ராத்திரியில் நெஞ்சு படபடப்பு வந்தால் எனக்குப் போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன். இது நீ சம்மதிப்பதற்காகச் சொல்வதல்ல. சம்மதிக்காவிட்டாலும் எடுப்பேன்.

நீ மறுத்தால் கல்லைக் குறுக்கி, அவர் பக்கத்தை மட்டும் செதுக்கச் சொல்லிவிடுவேன். திருநாளன்று உன் பக்கத்தில் நின்று செபமாலை சொல்வேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்; கோயில் வாசலிலும் சரி, வேறு எங்கும் சரி.

சுடலைமுத்துவுக்கு இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமைக்குள் தெரிய வேண்டும். சம்மதமா இல்லையா என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்பு. யாரிடமும் வாயால் சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்கு உன் கையால் எழுதிய பதில் வேண்டும்.

யூஜினி